கொதிநீர் ஊற்றிக் கழுவியும் கானில் பால் புளிப்பது ஏன்?

கேள்வி: கிரான் பக்கம் மாடு வளர்க்கிறேன் ஐயா. காலைப் பாலை பிளாஸ்டிக் கானில் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறேன். வந்ததும் கொதிநீர் ஊற்றி, கம்பித் தும்பால் தேய்த்துத்தான் வைக்கிறேன். அப்படியும் இடைக்கிடை புளித்துவிட்டது என்று திருப்பிவிடுகிறார்கள். கான் புதிதாக இருந்தபோது இந்தக் கரைச்சல் இல்லை. என்ன காரணம்?

பதில்: கழுவும் முறையில்தான் கோளாறு. கம்பித் தும்பை முதலில் தூக்கி எறியுங்கள்.

பல பக்டீரியாக்களின் உடம்பைச் சுற்றி முடியைவிட மிக நுண்ணிய புரத இழைகள் இருக்கும். சாரத்தில் நாயுருவி விதை பிடிப்பதுபோல் இவை கானின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். நீந்துகிற வகைக்குச் சவுக்கு மாதிரி வாலும் உண்டு. அது சுவர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். பிளாஸ்டிக்கில் தண்ணீர் பரவாமல் முத்தாக உருளுமே, அப்படித் தண்ணீரை விலக்குகிற மேற்பரப்பில், தாமும் தண்ணீரை விலக்குகிற உடம்புள்ள கிருமிகள் நன்றாக ஒட்டும். பசிலஸ் என்ற பக்டீரியா வகையின் வித்திகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலை) அப்படிப்பட்டவை. கொதிநீருக்கும் அவை சாகா. ஒட்டியபின் பசை சுரந்து படலமாகிவிட்டால் குளோரினும் உள்ளே எளிதில் போகாது. கம்பித் தும்பு போட்ட கீறல்களோ அவை ஒளிந்திருக்க நல்ல இடம்.

கொதிநீரை முதலில் ஊற்றுவதும் பிழை. பால் புரதம் வெந்து சுவரில் ஒட்டும், அதன்மேல் சுண்ணாம்புப் படிவு ஏறும்.

பால் கொடுத்த கையோடு பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் கை பொறுக்கும் சூட்டு நீரில் சலவைச் சோடா கலந்து, மெல்லிய பிரஷால் மூடியின் புரி, கைபிடி மூலை எல்லாம் தேய்த்து அலசிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். (அலுமினியக் கானுக்குச் சோடா ஆகாது, அரித்துவிடும்.) வாரம் ஒருமுறை வினாகிரி கலந்த நீர் விட்டுத் தேய்த்தால் படிவு கரையும். குளோரின் போடுவதென்றால் கழுவி முடிந்த பிறகு, லேபிளில் சொன்ன அளவில். வினாகிரியோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும், கவனம்.

கீறல் விழுந்த கானை இனிப் பாலுக்கு எடுக்க வேண்டாம். கை கொடுத்தால் எவர்சில்வர் கான் வாங்குங்கள். அதிலும் கிருமி ஒட்டும்தான், ஆனால் கீறல் குறைவு, கழுவினால் போகும்.

சந்தேகமென்றால் ஒரே கறவைப் பாலில் கொஞ்சத்தைச் சுத்தமான எவர்சில்வர் சட்டியில் மூடிக் கானோடு கொண்டுபோய் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். சட்டிப் பாலும் புளித்திருந்தால் கானை விட்டுவிட்டு, கறக்கும் வாளியையும் மடி கழுவும் தண்ணீரையும் பாருங்கள்.