நாற்பதைத் தாண்டி முதல் தடவை: பத்தாவது, லைசென்ஸ், பென்ஷன் பற்றிய கேள்வி பதில்

கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாருங்க. ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாக்காளர் அட்டை மூணையும் பக்கத்துல வச்சு, பிறந்த தேதியும் பெயரின் எழுத்தும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. நாற்பதுக்கு மேல வர்ற சிக்கலில் பாதி இங்கேதான் இருக்கு.

பாம்பன், 42: அக்கா, எட்டாவது பாஸ். கடல்பாசி எடுக்கிற வேலைக்குப் போறேன். இனிமே பத்தாவது எழுத முடியுமா? கணக்குன்னாலே பயம்.

முடியும் தங்கச்சி. பள்ளிக்குப் போகாம எழுதுற தனித்தேர்வருக்குக் குறைந்தபட்ச வயது 14½தான், உச்ச வயது கிடையாது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கிற நாளுக்குள்ள சேவை மையத்துல விண்ணப்பிக்கணும். ஆனா அதுக்கும் முந்தி ஒரு படி இருக்கு, பலரும் அங்கேதான் ஒரு வருஷத்தை விடுறாங்க. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியா பதிவு செய்யணும். 80 சதவீதம் வருகை வேணும். அறிவியல்ல எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்துல 20, செய்முறையில 15 எடுத்தாத்தான் பாஸ். எழுத்துல 40 வாங்கிட்டு செய்முறைக்குப் போகலைன்னா அந்த 40 வீண்.

கணக்குக்கு வருவோம். 35 எடுக்க முழுப் புத்தகமும் வேண்டாம். ஒரு மார்க் கேள்வி 14, பெரும்பாலும் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் இருக்கிறதுதான். வடிவியல் ஒண்ணு 8, வரைபடம் ஒண்ணு 8. ஆக 30. மிச்சம் 5-க்கு இரண்டு மார்க் கேள்வி மூணு போதும்: கார்டீசியன் பெருக்கல், நிகழ்தகவுல நாணயம், பகடை. வடிவியலுக்கு ஒத்த முக்கோணம், தொடுகோடு ரெண்டையும் தினம் ஒண்ணா ஒரு மாசம் வரைங்க. உதவிப்படம் போடாம விட்டா மார்க் போகும். வரைபடத்துல அளவுத்திட்டம் எழுதாம விட்டாலும் அப்படித்தான். பென்சில் முனை மழுங்கினா தொடுகோடு தொடாது. ரெண்டு பென்சில் சீவி வச்சுக்கங்க. மூணு மார்க் குறைஞ்சா ஜூன், ஜூலையில துணைத் தேர்வு இருக்கு. பாஸான பாடத்தை மறுபடி எழுத வேண்டாம்.

கீழக்கரை, 48: ஒன்பதாவதோட நின்னவன். மறுபடி வளைகுடா போக பாஸ்போர்ட்ல குடியேற்ற அனுமதி முத்திரை விழுமா?

பத்தாவது பாஸ் இல்லாதவங்க வளைகுடா வேலைக்குப் போக அரசுகிட்ட அந்த அனுமதியை வாங்கணும். பத்தாவது சான்றிதழ் காட்டினா விலக்கு. 50 வயசைத் தாண்டினவங்களுக்கும் விலக்கு உண்டு. உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான். ஆனா முகவர் யாராவது "பத்தாவது சான்றிதழ் நான் வாங்கித் தர்றேன்"னு வந்தா விலகி நில்லுங்க. போலின்னு தெரிஞ்சா பாஸ்போர்ட்டே போயிரும்.

ஏர்வாடி, 43: அடல் பென்ஷன்ல சேரலாமா?

முடியாது, 40 வரைதான். நீங்க தேசிய ஓய்வூதியத் திட்டத்துல சேருங்க, உங்க வயசுல சேரலாம். ஆயுள் காப்பீட்டுல ஜீவன் ஜோதி பீமா 50 வயசுக்குள்ள எடுக்கணும். வருஷத்துக்கு 436 ரூபாய், பாதுகாப்பு 2 லட்சம், 55 வயசு வரை. சுரக்ஷா பீமா விபத்துக்கு 20 ரூபாய், 70 வரை. மே மாசக் கடைசியில வங்கிக் கணக்குல இந்தப் பணம் இருக்கணும். மீன்பிடித் தடைக்காலத்துல கணக்கு காலியாகி, காப்பீடு நின்னுபோறது நம்ம ஊர்ல சாதாரணம். ஏப்ரல் 15-க்கு முன்னாடியே 500 ரூபாய் போட்டு வைங்க.

தேவிபட்டினம், 45: அடல் பென்ஷன் 45-ல கிடைக்குமா?

மேல இருக்கிற பதிலே.

இராமநாதபுரம், 46: ஸ்கூட்டர் லைசென்ஸ் இப்போதான் எடுக்கப் போறேன். வயசைக் காரணம் காட்டித் தள்ளிருவாங்களா அக்கா?

தள்ள மாட்டாங்க. 40-ஐத் தாண்டினதால பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ கூடுதலா வேணும். 25 மீட்டர் தூரத்துல நம்பர் பிளேட் வாசிக்கிற பார்வை இருந்தா போதும், கண்ணாடி போட்டு வாசிச்சாலும் சரி. பழகுநர் உரிமம் ஆறு மாசம் செல்லும், 30 நாள் கழிச்சு வண்டி ஓட்டிக் காட்டுற தேர்வு. 50-க்குள்ள வாங்கினா பத்து வருஷம் செல்லும். 50-லிருந்து 55-க்குள்ள வாங்கினா 60 வயசு வரைதான். அதனால தள்ளிப்போடாதீங்க.

எட்டு போடும்போது முன் சக்கரத்தைப் பார்க்காதீங்க, அடுத்துத் திரும்புற வளைவைப் பாருங்க. ஆக்சிலேட்டரை ஒரே அளவுல வச்சு, வேகத்தைப் பின் பிரேக்கால மட்டும் குறைங்க. கால் தரையில பட்டா திருப்பி அனுப்புவாங்க. கடற்கரைச் சாலையில மணல் படிஞ்ச இடத்துல முன் பிரேக் பிடிக்கவே கூடாது, வண்டி சறுக்கும்.

மண்டபம், 50: அக்கா, கோவிச்சுக்காதீங்க. பாம்பன் தங்கச்சிக்குப் பத்தாவது எதுக்கு? அந்த நேரத்துல பெப்சி பாசின்னு சொல்ற கடல்பாசியை வளர்க்க மிதவை போட்டா கைக்குக் காசு. சான்றிதழை வச்சு என்ன செய்யப் போறாங்க?

அண்ணே, மிதவை வேண்டாம்னு நான் சொல்லலை. கணக்கு பார்ப்போம். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம்: 60 கிலோ விதைப்பாசி. 45 நாள்ல 200 கிலோ வந்தா, 60 கிலோ அடுத்த விதைக்குப் போகும். 140 கிலோ காய்ஞ்சா பத்துல ஒரு பங்கு, 14 கிலோ. அதனால ஒரு மிதவை எதுக்கும் ஆகாது, பல மிதவை வேணும். ஓரா மீன் கடிக்காம இருக்க அடியில வலை கட்டணும். கோடை வெப்பத்துல பாசி வெளுத்து உதிரும். வடகிழக்குப் பருவத்துல பாக் நீரிணைப் பக்கம் மிதவை நிக்காது. மத்திய மீன்வள மானியம் பெண்களுக்கு 60 சதவீதம் உண்டு, அதுக்கும் விண்ணப்பம், வங்கி, கையெழுத்துன்னு படிச்சுப் பார்க்க வேண்டிய தாள்கள் இருக்கு.

மண்டபம், 50: அப்போ நீங்களே சொல்றீங்க, பாசிக்கே நேரம் பத்தாது.

பாம்பன், 42: அண்ணே, மழை மூணு மாசம் சும்மாதானே இருக்கோம்?

அதைத்தான் சொல்ல வந்தேன். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை கடல் வேலை இல்லை. மார்ச், ஏப்ரல் தேர்வுக்கு அந்த மூணு மாசம் போதும். மிதவையும் பத்தாவதும் ஒரே வருஷத்துல நடக்கும். ரெண்டையும் மோத விடாதீங்க அண்ணே.

தொண்டி, 41: இப்போதான் கல்யாணம் ஆச்சு. குழந்தைக்கு எவ்வளவு நாள் பார்க்கலாம்?

காத்திருக்க வேண்டாம், உடனே ரெண்டு பேரும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்க. செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வரைதான். மீதியை அவங்க சொல்லட்டும்.

திருப்புல்லாணி, 44: +2 பாஸ், மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. குரூப் 4 வயசு போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க.

எல்லாரும் தப்பாச் சொல்றாங்க. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியல், பழங்குடி வகுப்பினர் பத்தாவதுக்கு மேல படிச்சிருந்தா இளநிலை உதவியாளர் பதவிக்கு உச்ச வயது இல்லை. கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு உண்டு, 42. அறிவிக்கையில வயது பற்றின பத்தியை நீங்களே வாசிங்க. மண்டபம் அண்ணே, சான்றிதழ் எதுக்குன்னு கேட்டீங்களே, இதுக்குத்தான்.

சாயல்குடி, 40: பத்தாவது, +2 எழுதாம நேரா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல பட்டம் வாங்கிட்டா?

தமிழக அரசு வேலைக்கு அந்தப் பட்டம் எடுபடாது. 10, +2, பட்டம்னு வரிசையில வரணும்.

முதுகுளத்தூர், 44: அடல் பென்ஷன்...

40 வரைதான். மேல ரெண்டு தடவை இருக்கு, தயவுசெஞ்சு வாசிச்சுட்டுக் கேளுங்க.

தங்கச்சிமடம், 45: ஆதார்ல 1.1.1980, பள்ளியில 12.6.1981. பத்தாவது எழுதலாமா?

முதல்ல தேதியை ஒண்ணாக்குங்க. பத்தாவது சான்றிதழ்ல ஏறினா அதுக்கப்புறம் எல்லா இடத்துலயும் அதையே கேட்பாங்க, மாத்துறது பெரும்பாடு. ஆதார்ல பிறந்த தேதியை ஒரு தடவைதான் திருத்தலாம், அதனால அவசரப்பட்டுப் போகாதீங்க. பிறப்புச் சான்றிதழ் இருந்தா அதைக் கொண்டு போங்க. பதிவே இல்லைன்னா, பதிவு இல்லைங்கிற சான்றை வாங்கி கோட்டாட்சியர் அலுவலகத்துல மனு கொடுங்க. ஒரு வருஷம் கடந்த பிறப்புக்கு உத்தரவு வேணும். இதை இந்த மாசமே தொடங்குங்க, செய்முறைப் பதிவு வர்றதுக்குள்ள கையில தாள் இருக்கணும்.