கிளாரினெட் நுழைந்ததும் அபசுரம்: கண்டி ஒத்திகை பற்றிய கேள்விக்கு

உங்கள் முதல் படைப்பின் கண்டி ஒத்திகையில், கிளாரினெட் நுழைந்ததும் வயலினோடு சேராமல் அபசுரமாக ஒலித்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கிளாரினெட் பகுதியை மட்டும் ஒரு முழு டோன் (இரண்டு அரைச்சுரம்) மேலே ஏற்றி அச்சிடுங்கள். நீங்கள் சொல்லும் அபசுரம் போய்விடும். பி பிளாட் கிளாரினெட்டில், தாளில் 'சி' என்று எழுதியதை வாசித்தால் 'பி பிளாட்'தான், அதாவது ஒரு டோன் கீழேதான், ஒலிக்கும். வாசித்தவர் மேல் பிழையில்லை, உங்கள் இசையமைப்பிலும் இல்லை. தயவுசெய்து வயலின் வரிகளைத் திருத்தத் தொடங்காதீர்கள்.

மியூஸ்கோர் என்ற இசைத்தாள் எழுதும் மென்பொருளில் பியானோ வரியில் எழுதிவிட்டு, பெயரை மட்டும் கிளாரினெட் என்று மாற்றியிருப்பீர்கள் போலிருக்கிறது. வரியின் பண்புகளுக்குள் போய் வாத்தியத்தையே மாற்றுங்கள். பிறகு 'கான்சர்ட் பிட்ச்' பொத்தானை (எல்லா வாத்தியங்களையும் ஒலிக்கும் சுரத்திலேயே காட்டுவது) அணைத்துவிட்டு அச்சிடுங்கள்; அந்த ஒரு டோன் ஏற்றம் தானாகவே வந்துவிடும்.

சரிபார்ப்பது சுலபம்: வயலின் தாள் ஜி மேஜரில், ஒரு ஷார்ப்போடு (அரைச்சுரம் உயர்த்தும் குறி) இருந்தால், கிளாரினெட் தாளில் மூன்று ஷார்ப் இருக்க வேண்டும். கிளாரினெட் தாளில் நடு சி-க்குக் கீழே உள்ள ஈ-யைத் தாண்டி எந்தச் சுரமும் இறங்கியிருக்கக் கூடாது. சாதாரண பி பிளாட் கிளாரினெட்டில் அதற்குக் கீழே சுரமே கிடையாது.

வாசிப்பவர் ஏ கிளாரினெட் ('சி' எழுதினால் 'ஏ' ஒலிப்பது) எடுத்து வந்தால் கணக்கு மாறும், ஒன்றரை டோன் ஏற்ற வேண்டும். ஹட்டனில் ரயில் ஏறுமுன் அவரிடமே கேட்டுவிடுங்கள். முதல் படைப்பு நன்றாக ஒலிக்க வேண்டும். எல்லாத் தாள்களிலும் பார் எண் (தாளக்கட்டங்களின் வரிசை எண்) போட்டு, தனித்தனியாக இரண்டு பிரதி கொண்டுபோங்கள்.