மூட்டு வலி உள்ள அம்மாவுடன் நடக்க: கோடியக்கரை

மூட்டு வலி உள்ள அம்மாவும் எட்டு வயசுப் பையனும் வர்றாங்க, ஏற்றம் இல்லாம காடு, நீர்நிலை, பழைய இடம் மூணும் ஒரே நாள்ல வேணும்னு கேட்டிருந்தீங்க. யோசிக்காம கோடியக்கரை போங்க. வேதாரண்யத்திலிருந்து பக்கம்தான். அங்க இருக்கிற வனவிலங்கு சரணாலயம் முழுக்கச் சமதரை. ராமர் பாதம் இருக்கிற மணல்மேடுதான் அங்க உயரமான இடமே.

ஜனவரி நல்ல மாசம். மழை ஓய்ஞ்சு சேறு குறைஞ்சிருக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். வனத்துறை அனுமதி வாங்கிட்டுக் காலையிலேயே உள்ள போயிடுங்க. புல்வெளியில வெளிமான் கூட்டம் மேயும். முறுக்குக் கொம்போட கிடா தலையைத் தூக்கிப் பார்க்கும்போது பையனை அசையாம நிக்கச் சொல்லுங்க, அந்த ஒரு நிமிஷம் அவனுக்கு மறக்காது. பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்க பைனாகுலர் அவசியம், தூரத்துலதான் நிக்கும்.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. சீமைக்கருவேல முள் ரப்பரைத் துளைச்சிடும், என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு. குடிதண்ணி கையோட எடுத்துக்கோங்க.

திரும்பும்போது அகஸ்தியம்பள்ளி உப்பு சத்தியாக்கிரக நினைவுத்தூண்ல இறங்குங்க. 1930-ல ராஜாஜி தொண்டர்களோட திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளின ஊர் இது. சுத்தி இன்னும் உப்பளம்தான். அம்மா முடிஞ்சவரை நடக்கட்டும், மீதிக்கு வண்டி வச்சுக்கோங்க.