பாப்பா எப்போது நடக்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுமந்து வந்திருக்கின்றன: குழந்தை இன்னும் நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தையின் நிலையும் வேறு. சிலரிடம் "பொறுத்திருங்கள்" என்கிறோம், சிலரிடம் "நாளைக்கே கிளம்புங்கள்" என்கிறோம். எதனால் என்பதை அந்தந்தப் பதிலில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு 15 மாதம் முடிந்து 16 நடக்கிறது. கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்கிறாள், அதைப் பிடித்தபடியே பக்கவாட்டில் நகர்கிறாள். கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை 10 மாதத்திலேயே நடந்துவிட்டது. "எந்நேரமும் இடுப்பிலேயே வைத்திருந்தால் எப்படி நடக்கும்?" என்கிறார் மாமியார். மணலில் குழி தோண்டி, தினமும் இடுப்பளவு இறக்கி நிற்க வைத்தால் கால் உறுதிப்படும் என்றும் சொல்கிறார்கள். செய்யலாமா?
— ஒரு தாய், உடுமலைப்பேட்டை

முதலில் குழியை மூடிவிடுங்கள். மணல் நான்கு பக்கமும் தாங்கிப் பிடித்துக்கொண்டால் குழந்தையின் தசைக்கு அங்கே வேலையே இல்லை. இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் மடங்கி நிமிர்ந்தால்தான் கால் வலுப்படும். குழிக்குள் மூன்றுமே அசையாது. குழந்தைக்குப் பயமும் வெயிலும்தான் மிச்சம். அதே மணலில் தாராளமாக உட்கார்ந்து, தவழ்ந்து, எழுந்து விளையாடட்டும். அது நல்லது.

இப்போது மாதக் கணக்கு. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006-ல் ஓர் அளவுகோல் வெளியிட்டது. தனியாக நடப்பதற்கான இயல்பான கால எல்லை அதில் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. 12 மாதத்தை ஒட்டிப் பாதிக் குழந்தைகள் நடந்துவிடுகிறார்கள், மீதிப் பாதி அதற்குப் பிறகுதான். நம் பிள்ளைத்தமிழில் குழந்தையைத் தளர்நடையிட்டு வரச்சொல்லி அழைக்கும் வருகைப் பருவத்தை 13-ம் மாதத்தில் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள்! பக்கத்து வீட்டுக் குழந்தையும் உங்கள் மகளும் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எங்களுக்கு நம்பிக்கை தருவது, அவள் பிடித்துக்கொண்டு நகர்கிறாள் என்பது. நடைக்கு முந்தைய படி அதுதான். ஆனால் மூன்றைக் கவனியுங்கள். நிற்கும்போது இரண்டு குதிகாலும் தரையில் படிகின்றனவா? இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டுக்கும் நகர்கிறாளா? ஒரு கையால் கட்டிலைப் பிடித்தபடி குனிந்து, கீழே கிடக்கும் கரண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி நிமிர்கிறாளா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் இனி தேவை பயிற்சிதான்.

அந்தக் கரண்டி விளையாட்டையே தினமும் செய்யலாம். குந்தி எழும் அந்த அசைவுதான் தொடையை உரமாக்குகிறது. அடுத்து, அவள் நெஞ்சளவு உயரமுள்ள, நகராத இரண்டு சாமான்களை எதிரெதிரே போடுங்கள். இடைவெளி முதலில் ஒரு சாண். இதிலிருந்து கையை எடுத்து அதைப் பிடிக்கப் பழகியதும் இரண்டு சாண், பிறகு மூன்று. மூன்றாவது சாணில் இரண்டு கையும் காற்றில் இருக்கும்போது ஓர் அடி தானாக விழும். இன்னொன்று: முதுகைச் சுவரில் சாய்த்து நிற்க வைத்து, இரண்டு கையும் நிறையும் அளவுக்கு ஒரு பந்தைக் கொடுங்கள். பந்தில் மனம் போனதும் முதுகு சுவரிலிருந்து விலகும். அப்போது "பாரு, நிக்கிறா!" என்று கூச்சல் போடாதீர்கள். உடனே உட்கார்ந்துவிடுவாள்.

கையைப் பிடித்து நடத்துகிறோமே, அதில்தான் பலரும் தவறுகிறார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் குழந்தை முன்னால் சாய்ந்து நுனிக்காலில் ஓடும். அவளுடைய சமநிலையை நீங்கள் சுமக்கிறீர்கள். அவளுக்குப் பின்னால் மண்டியிட்டு, இடுப்பெலும்பின் இரு பக்கமும் உள்ளங்கையைத் தளர்வாக வையுங்கள். சாயும்போது மட்டும் தாங்குங்கள். ஒரு வேளைக்கு 5 முதல் 10 நிமிடம், நாளுக்கு நான்கைந்து வேளை போதும். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் வேண்டாம்.

விழுவாள். அமெரிக்காவில் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை விளையாட விட்டு எண்ணிப் பார்த்த 2012-ம் ஆண்டு ஆய்வு ஒன்றில், மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். விழவிடாமல் தூக்கிக்கொண்டே இருந்தால் அந்தப் பயிற்சி கிடைக்காது.

மாமியார் சொல்வதில் பாதி சரி. இடுப்பில் உட்கார வைப்பதால் கால் பலவீனம் ஆகாது. கால் இரண்டும் விரிந்து உட்காரும் அந்த நிலை இடுப்பு மூட்டுக்கு நல்லதுகூட. ஆனால் விழித்திருக்கும் நேரம் முழுக்க இடுப்பு, தூளி, செல்போன் என்று போனால் தரையில் பழக நேரம் ஏது? எண்ணெய் தேய்ப்பதைத் தொடரலாம், குழந்தைக்குச் சுகமாக இருக்கும். அதனால் நடை சீக்கிரம் வரும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

16 முதல் 24 மாதத்துக்குள் போடும் பூஸ்டர் தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் காட்டுங்கள். 18 மாதம் முடிந்தும் தனியாக ஐந்தாறு அடி வைக்கவில்லை என்றால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் முழுப் பரிசோதனை தேவை.

கேள்வி: 11 மாத மகனுக்குச் சக்கரம் வைத்த வாக்கர் வாங்கினோம். அதில் பறக்கிறான். வெளியே எடுத்தால் நுனிக்காலில் நிற்கிறான். பழகினால் சரியாகுமா?
— சேலம் வாசகர்

வாக்கரை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். அதில் குழந்தை நிற்பதில்லை, துணி இருக்கையில் தொங்கிக்கொண்டு கால் நுனியால் உந்துகிறது. விழாமல் நிற்கும் வேலையை வளையம் பார்த்துக்கொள்கிறது. நடுவில் தட்டு மறைப்பதால் தன் காலையே அவனால் பார்க்க முடியாது. ஆக, நடைக்குத் தேவையான எதையும் அவன் அங்கே கற்கவில்லை. வேகத்தால் வரும் ஆபத்து தனி: படிக்கட்டு, அடுப்பிலிருந்து இறக்கி வைத்த குழம்பு, மேசை விரிப்பின் நுனி எல்லாமே ஒரே உந்தலில் எட்டிவிடும். கனடாவில் 2004 முதல் இந்த வகை வாக்கரை விற்கவே தடை.

நம்முடைய மர நடைவண்டி வேறு சங்கதி. குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ள வேண்டும். ஆனால் அது மண் தரைக்குச் செய்தது. டைல்ஸில் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். சக்கரங்களில் பழைய துணியை இறுக்கிச் சுற்றி, முன் சட்டத்தில் ஒரு கிலோ அரிசிப் பையைக் கட்டிக் கொடுங்கள். அதுவும் பையன் கட்டிலைப் பிடித்து நகரத் தொடங்கிய பிறகுதான். துணி நிறைந்த அட்டைப்பெட்டியைத் தள்ளினாலும் அதே பலன்.

வாக்கரை நிறுத்திச் சில வாரங்களில் குதிகால் தரையில் படிய வேண்டும். கணுக்காலை உங்கள் கையால் மெதுவாக மடக்கிப் பார்த்தாலே இறுக்கமாக இருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: 32 வாரத்தில் பிறந்த குழந்தை. இப்போது 17 மாதம். நிற்கிறான், நடக்கவில்லை.
— திருநெல்வேலி வாசகி

40-லிருந்து 32-ஐக் கழித்தால் 8 வாரம். அதாவது வளர்ச்சிக் கணக்கில் உங்கள் மகனுக்கு 15 மாதம்தான். 2 வயது வரை இப்படிக் கழித்தே பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிக் கணக்குதான். குறைமாதக் குழந்தைகளுக்குக் கை கால் இறுக்கம் வர வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், பச்சிளங்குழந்தைப் பிரிவில் எழுதிக்கொடுத்த மறுபார்வைத் தேதி எதையும் தவறவிட வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 19 மாதம். தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே புட்டத்தால் தேய்த்துத் தேய்த்து வீடு முழுக்கப் போகிறான். நிற்க வைத்தால் காலை ஊன்றுவதில்லை. பேச்சு நன்றாக இருக்கிறது. "உன் புருஷனும் இப்படித்தான், 2 வயதில்தான் நடந்தான்" என்கிறார் அத்தை. நம்பலாமா?
— தஞ்சாவூர் வாசகி

அத்தை சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உட்கார்ந்து நகரும் குழந்தைகள் தாமதமாக நடப்பது தெரிந்த விஷயம், அது பல குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால், காலைத் தொங்கவிடாமல் காற்றில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததுபோல் முன்னால் நீட்டிக்கொள்வார்கள். உங்கள் மகனும் அப்படிச் செய்கிறானா என்று பாருங்கள். தவழாததே ஒரு குறை அல்ல. முன்னே சொன்ன உலக சுகாதார நிறுவன ஆய்வில் இருந்த குழந்தைகளிலேயே சுமார் 4 சதவீதம் பேர் கையும் முட்டியும் ஊன்றித் தவழவில்லை.

ஆனாலும் 18 மாதம் தாண்டிவிட்டது. அத்தையின் வார்த்தையை மருத்துவரிடம் சொல்லுங்கள், அது பயனுள்ள தகவல். அதைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆண் குழந்தை என்பதால் தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள். ஆண் குழந்தைகளையே பெரும்பாலும் தாக்கும் டூஷென் தசைநோய்க்குத் தாமதமான நடை முதல் அறிகுறியாக இருக்கலாம். அந்த நோயில் சி.பி.கே. அளவு ஆயிரக்கணக்கில் ஏறி நிற்கும். இதில் ஒரு பொறி உண்டு: கல்லீரலுக்காகப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ரத்த அளவுகளும் கூடவே உயர்வதால், கல்லீரல் கோளாறு என்று எண்ணி வீணாக மாதங்கள் போய்விடும். அவை தசையிலிருந்தும் வரும். சி.பி.கே. இயல்பாக இருந்தால் அந்தக் கவலை பெரிதும் நீங்கும்.

கூடவே தைராய்டும் வைட்டமின் டியும் பார்ப்பார்கள். மணிக்கட்டு தடித்து இரட்டை மூட்டுபோல் தெரிவது, நெஞ்செலும்பின் இருபுறமும் மணி கோத்ததுபோல் முடிச்சுகள் தட்டுப்படுவது ஆகியவை வைட்டமின் டி குறைவால் வரும் எலும்பு நோயின் அடையாளங்கள். முதல் வயது முழுக்க நாளுக்கு 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து தரச் சொல்வது இதற்காகத்தான். பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு மாறும். ஒரு மில்லியில் 400-ஆ 800-ஆ என்று படித்துவிட்டு ஊற்றுங்கள்.

வீட்டில் செய்ய: முதலில் மணையிலும் பிறகு சற்று உயரமான முக்காலியிலும் உட்கார வைத்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுச் சாமானைக் கட்டிலின் மேல் வையுங்கள். எட்டி எடுக்க, எடை காலுக்கு வரும்.

கேள்வி: 13 மாதப் பெண். 8 மாதத்தில் நன்றாக உட்கார்ந்தாள். இப்போது அதுவும் இல்லை, மந்தமாக இருக்கிறாள், கை நடுங்குகிறது. தாய்ப்பால் தவிர வேறு எதையும் சாப்பிட மறுக்கிறாள். நாங்கள் சைவம். சளி மருந்து கொடுத்துப் பார்த்தோம்.
— பெயர் வேண்டாம், ஈரோடு

இதைத் தாமதம் என்று நினைக்காதீர்கள். வந்தது திரும்பிப் போவது எந்த வயதிலும் அவசரம். நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள். குழந்தையின் விரல் முட்டிகளைப் பாருங்கள்: மற்ற இடத்தைவிடக் கறுத்திருக்கிறதா? உள்ளுதடு வெளிறியிருக்கிறதா? வைட்டமின் பி12 குறைவில் இப்படி வரும். அது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இருக்கிறது. தாயின் உடலில் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். உங்கள் ரத்தத்தையும் சேர்த்துச் சோதியுங்கள். பி12 குறைவுதான் என்றால், ஊசி தொடங்கிச் சில நாட்களிலேயே குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். தாமதித்தால் மூளை வளர்ச்சியில் நிரந்தரக் குறை தங்கிவிடலாம். வேறு காரணங்களும் உண்டு, ஆகவே ஊகத்தில் டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 14 மாதத்தில் நடந்தாள், ஆனால் இடது பக்கம் சாய்ந்து விந்துகிறாள். வலியில்லை. இன்னொன்று, 10 மாதத்திலிருந்தே எல்லாவற்றையும் வலக்கையால் மட்டும் எடுக்கிறாள். வலக்கைப் பழக்கம்தானே?
— நாகர்கோவில் வாசகர்

இரண்டையும் உடனே காட்டுங்கள். ஒரு வயதுக்கு முன் பொதுவாகக் குழந்தைகள் ஒரு கையை மட்டும் விரும்புவதில்லை. அப்படியிருந்தால் மறு கை வேலை செய்யத் தயங்குகிறது என்று பொருளாகலாம், அதே பக்கக் காலிலும் அது தெரியலாம். வலியில்லாத சாய்வுக்கு இன்னொரு காரணம் இடுப்பு மூட்டு குழியில் சரியாகப் பொருந்தாமல் இருப்பது. மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு முட்டியையும் மடக்கிப் பாருங்கள், ஒன்று தாழ்ந்து நிற்கிறதா? அதற்கு இடுப்பு எக்ஸ்ரே போதும். இதில் ஒவ்வொரு மாதத் தாமதமும் சிகிச்சையைப் பெரிதாக்கும்.

நேற்றுவரை நன்றாக நடந்த குழந்தை, காய்ச்சலோடு திடீரெனக் காலை ஊன்ற மறுத்தால், அன்றைக்கே மருத்துவமனை. மூட்டில் சீழ் வைத்திருக்கலாம்.

கேள்வி: கீச் கீச் ஷூ போட்டால் சீக்கிரம் நடக்குமா? கால் வளைந்து தெரிகிறது, பாதமும் தட்டை.
— மதுரை வாசகி

வீட்டுக்குள் வெறுங்கால்தான் சிறந்தது, தரையை விரல்கள் பற்றிப் பழகும். டைல்ஸில் சாக்ஸ் வழுக்கும். 2 வயதுக்கு முன் இரு காலும் ஒரே அளவில் லேசாக வளைந்திருப்பதும் பாதம் தட்டையாக இருப்பதும் இயல்பே.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் காட்ட வசதியில்லை. எங்கே போவது?
— அரியலூர் வாசகர்

உங்கள் அங்கன்வாடியில் சொல்லுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கு வந்து பார்க்கும். மேற்சிகிச்சை தேவைப்பட்டால் அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கத்தான் இந்த மையங்கள். சேவை இலவசம்.

போகும்போது தடுப்பூசி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் தாள் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். பிறந்த எடை, பிறந்ததும் எப்போது அழுதது, மஞ்சள் காமாலை இவை அதில் இருக்கும். புது இடத்தில் குழந்தை மிரண்டு மடியைவிட்டு இறங்காது. ஆகவே முந்தின நாளே, கால் முழுக்கத் தெரியும்படி ஜட்டி மட்டும் போட்டு, தரையிலிருந்து எழுவது, பிடித்து நகர்வது, உட்கார்வது மூன்றையும் 2 நிமிடம் செல்போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.