‘மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்’ என்கிறார்களே, சரியா?

நர்ஸம்மா பதில்கள்

(ஈரோடு மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: நர்ஸம்மா, எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் தள்ளிப்போய், கார்டில் பார்த்ததில் இரண்டு கோடு வந்தது. ஏழு வாரம் இருக்கும். காலையில் எழுந்தால் வாந்தி, கம்பெனியில் அயர்ன் டேபிள் பக்கம் போனால் வாந்தி. சோறு வேகிற வாசனைகூட ஆகவில்லை. “மூணு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே, கண்ணு பட்டுடும். ஆஸ்பத்திரிக்கும் அப்புறம் போய்க்கலாம்” என்கிறார் மாமியார். “நாங்க எல்லாம் இப்படியா படுத்துக்கிட்டோம்?” என்றும் கேட்கிறார். பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: கண்ணு, ஏழு வாரத்தில் வாந்தி வந்தால் பயப்படாதே. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் மசக்கை ஆரம்பிக்கும். ஒன்பது, பத்து வாரம் வரை ஏறும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

உன் மாமியார் சொல்கிற வார்த்தையை நான் நிறைய வாசல்களில் கேட்டிருக்கிறேன். வீடு வீடாகப் போகும்போது, “இங்க யாரும் முழுகாம இல்லீங்க நர்ஸம்மா” என்று வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள். பின்கட்டில் ஒரு பெண் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்கும். நான் சண்டை போட மாட்டேன். மறுபடி போவேன், அந்தப் பெண் தனியாக இருக்கிற நேரமாகப் பார்த்து. ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்றால் சொல்லாதே, அது உன் இஷ்டம். ஆனால் டாக்டரும் நர்ஸும் ஊர்க்கணக்கில் சேர மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், நீ எண்ணுகிற கணக்கில் ஆறாவது வாரம் முடிவதற்குள் மூடிவிடுகிறது. இதயம் துடிக்கத் தொடங்குவதும் அந்த வாரத்தை ஒட்டித்தான். பன்னிரண்டு வாரத்துக்குள் முக்கியமான உறுப்புகள் எல்லாம் உருவெடுத்துவிடும். நாம் மறைத்து வைக்கிற மூன்று மாதத்தில்தான் பாதி வேலை நடந்து முடிகிறது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கினால் நல்லது என்பது இதனால்தான். ஏழு வாரம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதே, இன்றைக்கே கேட்டு வாங்கு. இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதம் முடிந்த பிறகு போதும், இப்போது போட்டால் குமட்டல்தான் கூடும். தைராய்டுக்கோ வலிப்புக்கோ ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால், நீயாக நிறுத்தாமல் டாக்டரிடம் உடனே காட்டு.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கர்ப்பத்தைப் பதிவு செய்து அதற்கான பிக்மி எண் போட்டுக்கொள். பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். ஏழைத் தாய்மார்களுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். அதற்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். மூன்று மாதம் மறைத்தால் அதற்கும் சிக்கல். அங்கேயே ரத்தசோகை, ரத்த வகை, சர்க்கரை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி எல்லாம் பார்த்துவிடுவார்கள்.

மாமியாரின் அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் வருத்தப்படுத்தியது. மசக்கை வாந்தி நடிப்பும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் ஓர் ஆராய்ச்சி வந்தது. கருவிலிருந்து ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. கர்ப்பத்துக்கு முன் அந்த ஹார்மோன் யாருக்குக் குறைவாக இருந்ததோ, அவர்களுக்கு அது ஏறும்போது குமட்டல் அதிகம் என்று அதில் கண்டிருக்கிறார்கள். உன் மாமியாருக்கு வாந்தி இல்லாமல் போனதும் உனக்கு இருப்பதும் உடம்பு வாகு. இதைப் பக்குவமாக உன் வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொல். அவர் சொன்னால் எடுபடும்.

சாப்பாட்டு விஷயம். தலைமாட்டில் பொரியோ ரஸ்க்கோ வைத்துக்கொண்டு, எழுவதற்கு முன்னாலேயே நாலு வாய் மென்றுவிடு. வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்துக்கொள். சூடான சோற்றைவிட ஆறின சோறு வாசனை குறைவு, மோர் ஊற்றிப் பழைய சோறு இறங்கினால் தாராளமாகச் சாப்பிடு. தாளிக்கிற நேரத்தில் அடுப்படியை விட்டு வெளியே வா. தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் மடக்கு மடக்காகக் குடி. இதற்கும் கேட்கவில்லை என்றால், கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான டாக்ஸிலமின் - பைரிடாக்ஸின் மாத்திரை இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாங்கு, மருந்துக்கடையில் நீயாகக் கேட்டு வாங்காதே.

கம்பெனியில் சூப்பர்வைசர் அக்காவிடமாவது சொல்லிவிடு. அயர்ன் டேபிளும் கறை எடுக்கிற ஸ்பிரேயும் இல்லாத பக்கம் உட்கார இடம் கேள். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், நீ அப்படிச் செய்யாதே. கர்ப்பத்தில் நீர்க்கடுப்பு சீக்கிரம் வரும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களா என்றும் பார். தேவையான நாட்களுக்குப் பங்களிப்பு இருந்தால் 26 வாரம் பேறுகாலச் சம்பளம் கிடைக்கும்.

நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதே. டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டையில் வலி, மயக்கம், இதெல்லாம் வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடு. மாமியாரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே.

கேள்வி: எட்டு வாரம் முடிந்துவிட்டது. எனக்கு வாந்தியே இல்லை, மார்பு வலி மட்டும் லேசாக இருக்கிறது. ‘மசக்கை இல்லைன்னா கரு வளரலை’ என்கிறார்கள்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: அப்படி இல்லை அம்மா. பத்தில் இரண்டு, மூன்று பேருக்கு மசக்கையே இருக்காது, நல்லபடியாகவே பெற்றெடுக்கிறார்கள். மனசு கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி ஸ்கேன் பார்த்துக்கொள்ளுங்கள், எட்டு வாரத்தில் துடிப்பு தெரியும்.

கேள்வி: என் மனைவிக்கு ஏழாவது வாரத்தில் லேசாக ரத்தம் பட்டது. ஸ்கேனில் துடிப்பு இருக்கிறது என்றார்கள். ஆனால் அவள் பஸ்ஸில் போனதால்தான் என்று வீட்டில் எல்லாரும் திட்டுகிறார்கள். படுக்கையை விட்டு எழவிட மாட்டேன் என்கிறார்கள்.
– ஒரு கணவர், கடலூர்.

பதில்: தம்பி, நீங்கள் எழுதிக் கேட்டதே எனக்குச் சந்தோஷம். முதல் மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட நாலு பேரில் ஒருவருக்கு இப்படி ரத்தம் படுகிறது, துடிப்பு தெரிந்த பிறகு பெரும்பாலானவர்களுக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது. ஆரம்பத்தில் கலைகிற கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறினால்தான் கலைகின்றன. பஸ் பயணமோ, மாடிப்படியோ, குனிந்து பெருக்கியதோ காரணம் இல்லை. இதை அவர்கள் முன்னால் நீங்களே சொல்லுங்கள், உங்கள் மனைவி காதுபட. முழு நேரமும் படுத்தே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. வீட்டுக்குள் நடக்கட்டும், குளிக்கட்டும், பாரம் மட்டும் தூக்க வேண்டாம். ரத்தப்போக்கு கூடினாலோ, கட்டியாகப் போனாலோ, வலி சேர்ந்து வந்தாலோ அன்றைக்கே கூட்டிப்போங்கள். அவருடைய ரத்த வகை என்ன என்று பாருங்கள். நெகட்டிவ் என்றால் அதை டாக்டரிடம் நீங்களே ஞாபகப்படுத்துங்கள், ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று அவர் சொல்வார்.