பி0420 வந்தால் கன்வெர்ட்டரை மாற்றியே ஆகவேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கிறேன். என்னுடையது 2006 ஃபோர்டு எஃப்-150 பிக்கப், 5.4 லிட்டர் வி8. செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0420 என்ற பழுதுக் கோட் (கன்வெர்ட்டரின் திறன் குறைவு) மட்டும் வருகிறது. இழுவையில் குறை இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம், சூடானதும் நின்றுவிடுகிறது. எஞ்சின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த டிக் டிக் சத்தத்தை முதலில் தீர்த்துவிடுங்கள்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று இருக்கின்றன. முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல கன்வெர்ட்டர் ஆக்ஸிஜனைப் பிடித்துவைத்து, தேவைப்படும்போது விடும். அதனால் பின் சென்சார் பெரிதாக அசையாது. அதுவும் முன் சென்சார் மாதிரியே ஆட ஆரம்பித்தால் வண்டியின் கம்ப்யூட்டர் பி0420 போடும். அந்த ஆட்டத்துக்குக் காரணம் கன்வெர்ட்டர்தானா, வேறு ஏதாவதா என்று அதற்குத் தெரியாது.

ஃபோர்டு வி8-ல் 1 முதல் 4 வரையிலான சிலிண்டர்கள் பயணி பக்கம். பி0420 அந்தப் பக்கத்துக்கானது. ஓட்டுநர் பக்கம் என்றால் பி0430 வந்திருக்கும். இந்த 5.4 எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகையைத் திரட்டும் குழாய்த் தொகுதி) பிடித்திருக்கும் ஸ்டட்கள் (திருகாணிகள்) துருப்பிடித்து ஒடிவது பலரும் அறிந்த கோளாறு. குளிர்ந்திருக்கும்போது இடைவெளி வழியே புகை தட்டும். இரும்பு சூடாகி விரிந்ததும் சத்தம் அடங்கும். வெளியே புகை வருவது மட்டும் என்றால் சென்சார்கள் ஏமாறாது. ஆனால் ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் நடுவே குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது வெளிக்காற்றும் உள்ளே புகுந்துவிடும். அந்த ஆக்ஸிஜன் இரண்டு சென்சார்களின் கணக்கையும் கெடுக்கிறது.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க, ஆறிய எஞ்சினை ஆஃப் செய்தபடியே வைத்து, காற்று ஊதும் வசதியுள்ள வேக்குவம் கிளீனரின் குழாயை சைலன்சர் முனையில் துணி சுற்றிப் பொருத்துங்கள். ஊதவிட்டு, மேனிஃபோல்ட் இணைப்புகளிலும் சென்சார் திருகியிருக்கும் இடத்திலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை கிளம்பும் இடம்தான் ஒழுக்கு. கறுப்புக் கரிக்கோடும் காட்டிக்கொடுக்கும். ஸ்டட் ஒடிந்திருந்தால் அந்தப் பக்கம் எல்லா ஸ்டட்டையும் கேஸ்கட்டோடு மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். மேனிஃபோல்ட் வளைந்திருந்தால் அதையும். முதல் நாள் இரவே துரு தளர்த்தும் எண்ணெய் விட்டுவையுங்கள்.

ஒழுக்கு இல்லையென்றால், பி0420 கோட் எண்ணை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேம் விவரத்தை (கோட் விழுந்த நேரத்து எஞ்சின் நிலை) குறித்துக்கொண்டு ஸ்கேனரில் லைவ் டேட்டாவைப் பாருங்கள். ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃபியூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம்) இரண்டையும் கூட்டினால் கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். தாண்டினால் காற்று-பெட்ரோல் கலவைக் கோளாறை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, 2,500 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்து, பேங்க் 1 (பயணி பக்கம்) பின் சென்சாரைக் கவனியுங்கள். 0.6, 0.7 வோல்ட் அருகே நிலையாக நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. 0.1-க்கும் 0.9-க்கும் வேகமாகத் தாவினால் அது களைத்துவிட்டது. சந்தேகம் தீராவிட்டால் இரு பக்கப் பின் சென்சார்களையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோட் பி0430 ஆக மாறினால் குற்றவாளி சென்சார்தான். ஆனால் பெரும்பாலும் அப்படி நடக்காது. புதுச் சென்சாருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்வதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

லைட் மின்னி மின்னி எரிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் உட்கூட்டை உருக்கிவிடும். ஸ்பார்க் பிளக் மாற்றவேண்டி வந்தால், உங்கள் 2006 எஞ்சினின் பிளக் இரண்டு துண்டாக ஒடிந்து சிலிண்டர் ஹெட்டிலேயே மாட்டிக்கொள்ளும் வகை. இந்த எஞ்சினில் கைப்பழக்கம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: கன்வெர்ட்டர் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே பி0420. ஏன்?

பதில்: விலை குறைந்த கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மிகக் குறைவாகப் பூசியிருப்பார்கள், சீக்கிரம் களைத்துவிடும். அமெரிக்க விதிப்படி அசல் கம்பெனி அல்லாத புது கன்வெர்ட்டருக்கும் 25,000 மைல் செயல்திறன் உத்தரவாதம் உண்டு. பில்லைத் தேடி எடுங்கள். ஆனால் பழையதைக் கொன்றது எது என்று பார்க்காமல் இன்னொன்றைப் போட்டால் அதுவும் போய்விடும். எண்ணெய் குறைகிறதா? எண்ணெயில் உள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் மேல் படிந்து அதை முடக்கும். ஹெட் கேஸ்கட் வழியே கூலன்ட் கசிந்தாலும் இதே கதி. மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் சிலிண்டர் வாரியாகப் பாருங்கள்.

கேள்வி: பின் சென்சாருக்கு ஸ்பேசர் (சென்சாரைப் புகைப் பாதையிலிருந்து தள்ளிவைக்கும் துண்டு) போட்டால் லைட் அணைந்துவிடும் என்கிறார்களே? புகைச் சோதனை வருகிறது.

பதில்: போடாதீர்கள். சென்சாரை ஏமாற்றுவது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. கோளாறும் அப்படியே இருக்கும். சோதனைக்கு முன் கோட் எண்ணை அழித்துவிட்டுப் போவதும் உதவாது. அழித்ததும் வண்டியின் சுயபரிசோதனைகள் எல்லாம் 'தயாரில்லை' ஆகிவிடும். 2001 அல்லது அதற்குப் பிந்தைய வண்டியில் ஒன்று மட்டும்தான் அப்படி இருக்கலாம். பழுதைச் சரிசெய்து, ஊருக்குள்ளும் ஹைவேயிலும் சில நாள் ஓட்டி, கேட்டலிஸ்ட் மானிட்டர் (கன்வெர்ட்டருக்கான சுயபரிசோதனை) 'தயார்' என்று ஸ்கேனரில் தெரிந்த பிறகே சோதனைக்குப் போங்கள்.