இரண்டாவது கிழங்கு யாருக்கு?

கேள்வி: எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். இப்போது இருப்பது லண்டன், கிராய்டனில். நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை பார்க்கிறேன். வாரத்தில் நான்கு நாள் மதியம் போனால் வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகிவிடும். கணவருக்கு வேலை வேறு ஊரில், சனி ஞாயிறுதான் வருவார். ஒரே மகன், வயது 15. காலையிலேயே சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் செய்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிறேன். அவன் தொடுவதே இல்லை. உருளைக்கிழங்கை முழுசாக மைக்ரோவேவில் வைத்து, ஜாக்கெட் பொட்டேட்டோ என்று சொல்லி, சீஸைக் கொட்டித் தின்கிறான். ஸ்கூலில் பழகிய பழக்கம். அதிலும் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு ஒன்றை வீணாக்குகிறான். ஊறுகாய் என்றாலே முகம் சுளிப்பவன், அந்த இன்னொன்றில் எலுமிச்சை ஊறுகாயைத் தடவி, அலுமினியத் தாளில் சுற்றி அடுப்பு மேடையில் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுகிறான். காலையில் நான்தான் குப்பையில் போடுகிறேன். எனக்கு சுகர் எல்லையில் இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். இவனுக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இவனை நம் சாப்பாட்டுக்கு எப்படித் திருப்புவது?

பெயர் வெளியிட வேண்டாம், கிராய்டன்

பதில்: வெளியூரில் பிள்ளை வளர்க்கிற அம்மாக்களிடமிருந்து இந்தக் கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒருத்தர் பாஸ்தா என்று எழுதுவார், ஒருத்தர் நூடுல்ஸ் என்று எழுதுவார், கேள்வி ஒன்றுதான். வளர்ந்தால் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

ஏம்மா, ஊறுகாய் பிடிக்காத பையன் எதற்கு ஊறுகாய் தடவுகிறான்? தான் தின்னப்போகாத கிழங்கை எதற்குச் சூடு ஆறாமல் தாளில் சுற்றுகிறான்? உங்கள் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் சாப்பிடுகிற ஆள் யார்?

இதை எழுதியதே நீங்கள்தான். சீஸ் போட்டது அவனுக்கு, ஊறுகாய் தடவியது உங்களுக்கு. இரவு பத்து மணிக்கு நீங்கள் வந்து பார்க்கிற இடமான அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போகிறான். நீங்கள் அதைத் தாண்டிப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து, அவன் தொடாத சோற்று டப்பாவை எடுத்துச் சூடு பண்ணி, மகன் என் சாப்பாட்டை மதிக்கவில்லை என்று மனம் வெந்து சாப்பிடுகிறீர்கள். காலையில் அவன் எழுந்து வரும்போது அவன் வைத்தது குப்பைத்தொட்டியில் கிடக்கிறது. அப்படியும் அடுத்த நாள் இரண்டு கிழங்கு போடுகிறான். இந்தப் பொறுமை உங்களுக்கும் எனக்கும் இருக்குமா?

வீணாக்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்கிற வேலை எனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் யார் எவ்வளவு சாப்பிட்டார், யார் தட்டைத் தள்ளிவிட்டார், யார் தண்ணீர் குடிக்கவில்லை என்று பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். ஒரு பாட்டி பாதிச் சாப்பாட்டை மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. அந்தக் கண்ணை வேலையிடத்தில் கழற்றி வைத்துவிட்டா வீட்டுக்கு வருகிறீர்கள்? மேடையில் ஒரு பொட்டலம் நாள் தவறாமல் இருக்கிறது. இது எதற்கு என்று ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லையே.

நம் பெண்களிடம் இருக்கிற ஒரு வீம்பு இது. சமைத்துப்போடுவதை அன்பு என்று வைத்திருக்கிறோம், நல்லது. ஆனால் அடுத்தவர் சமைத்துக் கொடுத்தால் உட்கார்ந்து வாங்கிச் சாப்பிடத் தெரியாது. அதிலும் பெற்ற பிள்ளை கொடுத்தால், ஐயோ உனக்கெதற்கு இந்த வேலை என்று தட்டிவிடுவோம், இல்லையென்றால் கவனிக்கவே மாட்டோம். அப்புறம் அவனுக்குக் கல்யாணம் ஆனதும், ஒரு தம்ளர் தண்ணீர்கூட மோந்து கொடுக்க மாட்டான் என்று அந்தப் பெண் அழுவாள். பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றவள் கடமை என்றால், அவன் ஆக்கி வைத்ததை உட்கார்ந்து சாப்பிடுவதும் கடமைதான். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

சரி, கிழங்குக்கு வருவோம். என்னமோ பர்கர் தின்கிற மாதிரி இதை இளக்காரமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊரின் ஏழைபாழைகள் சாப்பிட்டு வளர்ந்த உணவு இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் தெருக்களில், அடியில் நெருப்புச் சட்டி வைத்த தகரப் பெட்டிக்குள் சுட்ட உருளைக்கிழங்கைச் சூடாக வைத்து, வெண்ணெயும் உப்பும் சேர்த்து விற்றார்கள். குளிர்காலத்தில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் வாங்கி, முதலில் கையைச் சூடு பண்ணிக்கொண்டு அப்புறம் சாப்பிடுவார்கள். இப்போதும் நவம்பர் 5-ஆம் தேதி சொக்கப்பனை மாதிரி நெருப்பு மூட்டுகிறார்களே, அன்றைக்கு இது இல்லாமல் இருக்காது. வேலை விட்டு வருகிறவர்களுக்கான சாப்பாடு என்பதால்தான் சொல்கிறேன், உங்கள் பையன் சரியான ஆளுக்குத்தான் சரியானதை வைக்கிறான்.

ஆனால் அவன் செய்கிற விதத்தில் தப்பு இருக்கிறது. சொல்லிக்கொடுக்க வேண்டியது நீங்கள். மைக்ரோவேவில் மட்டும் வைத்தால் உள்ளே வெந்துவிடும், தோல் ஈரத்தோல் மாதிரி தொளதொளவென்று இருக்கும். இதன் ருசியில் பாதி தோலில் இருக்கிறது. அங்கே கடைகளில் மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் என்று பெயர் போட்டு விற்கும், அந்த மாவுக் கிழங்குதான் வேண்டும். மாவுச்சத்து அதிகம் என்பதால் வெந்ததும் உள்ளே பூப்போல உதிரும். ஷார்லட் மாதிரி கெட்டிக் கிழங்கு சாலட்டுக்கு நல்லது, இதற்கு உதவாது. உள்ளங்கை நிறைய இருக்கிற, 250 கிராம் அளவில் ஒரே சீரான கிழங்காக எடுங்கள். மண் போகத் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஆவி சேர்ந்து எப்போதாவது வெடிக்கும். ஒரு ஸ்பூன் எண்ணெயைத் தோல் முழுக்கத் தடவி, கல்லுப்பை நுணுக்கித் தூவி, ஃபேன் ஓவனில் 200 டிகிரியில், தட்டு எதுவும் இல்லாமல் நேராகக் கம்பி மேலேயே வைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றேகால் மணி வரை ஆகும். கத்தி முனை தடையில்லாமல் நடுவரை இறங்க வேண்டும். தோலைத் தட்டினால் அப்பளம் மாதிரி சத்தம் வர வேண்டும்.

எடுத்த உடனே மேலே சிலுவை மாதிரி கீறி, துணியால் பிடித்து நாலு பக்கமும் அழுத்தினால் வெள்ளை மாவு வெடித்து மேலே வரும், ஆவி புஸ்ஸென்று போகும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆவி உள்ளேயே தங்கினால் பத்து நிமிஷத்தில் கிழங்கு நசநசத்துப் போகும். வெண்ணெயும் உப்பும் அந்தச் சூட்டிலேயே உள்ளே போக வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

அலுமினியத் தாள் வேண்டவே வேண்டாம். தோல் நமத்துப்போகும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. வெந்த கிழங்கைத் தாளில் இறுகச் சுற்றி வெளியிலேயே விட்டால், காற்றில்லாத அந்த ஈரச் சூட்டில் போட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் விஷத்தை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைக்கும். 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோவில், தாளில் சுற்றிய நிலையில் நாள்கணக்கில் வெளியே கிடந்த கிழங்கை மசித்துச் செய்ததைச் சாப்பிட்டு 30 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதனால் இரவெல்லாம் கிடந்ததைக் காலையில் நீங்கள் குப்பையில் போட்டதில் தப்பே இல்லை. இரவு பத்து மணிக்கு அதைப் பிரித்துப் பார்க்காததுதான் தப்பு.

இனி இப்படிச் செய்யுங்கள். வேலை முடிந்து பஸ் ஏறும்போது பையனுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். அவன் உங்கள் கிழங்கை மைக்ரோவேவில் ஏழெட்டு நிமிஷம் வைத்து, எண்ணெய் தடவி, ஏர் ஃபிரையரிலோ சூடான ஓவனிலோ 200 டிகிரியில் இருபது நிமிஷம் போட்டால், நீங்கள் கோட்டைக் கழற்றும்போது தோல் மொறுமொறுவென்று தயாராக இருக்கும். பரீட்சை நாளில் அவன் சீக்கிரம் படுக்க வேண்டுமா, இரண்டையும் மாலையிலேயே சுட்டுவிட்டு, உங்களுடையதைத் தாள் இல்லாமல் ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்கட்டும். வந்து நடுவரை நன்றாகச் சூடு ஏற்றிச் சாப்பிடுங்கள்.

மேலே என்ன போடுவது? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் சாப்பாட்டுக்கு எப்படித் திருப்புவது என்று கேட்டீர்களே, வழி இங்கேதான் இருக்கிறது. அந்த ஊரில் எல்லாரும் போடுகிற பேக்டு பீன்ஸ் டின்னையே எடுங்கள். கடுகு, கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து அதில் கொட்டி ஒரு கொதி விட்டுப் பாருங்கள், அந்தத் தித்திப்பு அடங்கிவிடும். அதைக் கிழங்கில் ஊற்றி மேலே செடார் சீஸைத் துருவினால் உங்கள் மகன் மறுக்க மாட்டான். டின் டூனாவை அவர்கள் மயோனைசில் பிசைவார்கள். நீங்கள் சுறாப்புட்டு மாதிரி வெங்காயம், பூண்டு, மிளகு போட்டு உதிரி உதிரியாக வதக்கிவையுங்கள். முதல் நாள் கோழிக் குழம்பு மீந்தால் தண்ணீர் வற்றச் சுண்டவைத்துப் போடலாம். முட்டைப் பொடிமாஸ் போடலாம். கெட்டித் தயிரில் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கடுகு தாளித்தது, என்னைக் கேட்டால் இதற்கு மிஞ்சியது இல்லை. அவசரத்துக்கு வெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெயும் இட்லிப்பொடியும் போதும். ஊறுகாய் அவன் கண்டுபிடிப்பு, அதை மாற்றாதீர்கள். காலையில் சோறும் குழம்பும் பொரியலுமாக மூன்று டப்பா நிரப்புகிற நேரத்தில் இதில் ஏதாவது ஒன்றை மட்டும் செய்து வைத்தால் போதும். அவன் கிழங்கு, உங்கள் கைப்பக்குவம், இருவரும் ஒரே தட்டில் வந்துவிடுவீர்கள்.

சுகர் விஷயத்தில் மழுப்ப மாட்டேன். சுட்ட உருளைக்கிழங்கு ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும் சாப்பாடுதான். ஆனால் 100 கிராமில் சுமார் 90 கலோரிதான் இருக்கிறது. தோலோடு சாப்பிட்டால் நார்ச்சத்து, பொட்டாசியம், வைட்டமின் சி எல்லாம் கிடைக்கும். வெறும் சீஸைக் கொட்டி நாலு நாளும் தின்பது வளர்கிற பையனுக்குப் போதாது. பீன்ஸ், முட்டை, மீன் என்று ஏதாவது புரதம் கூட இருக்க வேண்டும், பக்கத்தில் கொஞ்சம் பச்சைக் காய்கறி வேண்டும். பிரிட்டனின் தினம் ஐந்து பங்கு காய்கனிக் கணக்கில் உருளைக்கிழங்கு சேராது, பீன்ஸ் சேரும் என்பதை அவனிடம் சொல்லுங்கள், ஸ்கூலிலும் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு, கைமுட்டி அளவில் ஒரு கிழங்கு, சோற்றுக்குப் பதிலாக. சோற்றோடு அல்ல. சோறும் போட்டு அதற்கு உருளைக்கிழங்குப் பொரியலும் தொட்டுக்கொள்கிற நம் வழக்கத்தைவிட இது ஒன்றும் மோசமில்லை. எல்லையில் இருக்கிற சுகருக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள், அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டு பையன் கொடுப்பதை ஒதுக்காதீர்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவனைக் கூப்பிட்டு வைத்து, எனக்காகவா செய்தாய் கண்ணா என்று அழுது தொலைக்காதீர்கள். பதினைந்து வயசுப் பையன், கூச்சத்தில் அதோடு விட்டுவிடுவான். பேசாமல் உட்கார்ந்து சாப்பிடுங்கள். உப்பு பத்தவில்லை என்றால் பத்தவில்லை என்று சொல்லுங்கள், சமைக்கிறவனுக்கு அது தெரிய வேண்டும். சனிக்கிழமை கணவர் வரும்போது அவனையே மூன்று கிழங்கு சுடச் சொல்லுங்கள். பீன்ஸ் தாளிப்பது நீங்கள், பாத்திரம் கழுவுவது உங்கள் கணவர். ஆம்பளைப் பையனை அடுப்படியில் விட்டிருக்கிறாயே என்று அவர் ஏதாவது ஆரம்பித்தால், தனியாக எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள், பதில் தருகிறேன்.